சீமாட்டிக்குக் கைவந்த வித்தை

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் திருத்தி எழுது. இங்கே நான், மேலதிகாரி, வாலு மூவரும் சண்டைக்குக் குறைவில்லாமல் சௌக்கியமாக இருக்கிறோம். மேலதிகாரி என்று எழுதுவதை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டாள். "கட்டின பொண்டாட்டிக்கு ஒரு பேரு கிடையாதா?" என்கிறாள். அந்தத் தோரணையைக் கேட்டால் நீயே சொல்லுவாய், பட்டம் பொருத்தம்தான் என்று. வாலு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை ஒரு மூலையிலும் செருப்பை இன்னொரு மூலையிலும் எறிந்துவிட்டு வாய்க்கால் பக்கம் ஓடிவிடுகிறாள். ஒன்பது வயதில் நாம் மட்டும் என்ன ஒழுங்காகவா இருந்தோம்.

என் வேலை பழையபடிதான். களை வெட்டும் படகைக் காலையில் வாய்க்காலில் இறக்கினால் பொழுது சாயும்வரை ஆகாயத்தாமரையோடு மல்லுக்கட்டு. தண்டு சுற்றிக்கொண்டு கத்தி நின்றுவிடும். நான் இடுப்பளவு தண்ணீரில் குதித்து அறுத்துவிட்டு ஏறுவேன். படகுக்கு ஓட்டுநரும் நானே, முடிதிருத்துபவனும் நானே.

போன வாரம் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து எல்லாரிடமும் கேட்கக் கூடாததைக் கேட்டு டப்பாவில் வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு மறுபடியும் ரத்தப் புழுவாம். போன வருஷமும் இருந்தது, அதற்கு முந்தின வருஷமும் இருந்தது. "என்னங்க, வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிறீங்களா?" என்று அந்த நர்ஸம்மா கேட்டார். அதே பெரிய மாத்திரை, அதே கசப்பு. விழுங்கியாயிற்று, விஷயம் முடிந்தது.

மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்த நீ குரங்குக்கு மாறிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். அடுத்த பதவி உயர்வில் மனிதனுக்கு வந்துவிடுவாய் போலிருக்கிறதே. போன் பேசச் சொல்கிறாய். அலுவலகத்தில் ஒரே ஒரு போன். நான் "அக்கா" என்றதுமே பின்னால் நிற்கிறவன் இரும ஆரம்பித்துவிடுகிறான். கடிதத்தில் யாரும் இருமுவதில்லை.

உன் தம்பி

—

ஜனவரி 29

அன்புள்ள தம்பி,

நலமாகத்தான் இருக்கிறேன், திருத்தம் எதுவும் இல்லை. முழங்கால் மட்டும் படியேறும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறது. உங்கள் மூவர் உடம்பைப் பற்றியும் விவரமாக எழுது. "விஷயம் முடிந்தது" என்பதெல்லாம் விவரம் ஆகாது.

குரங்குக்கு ஏன் வந்தேன் என்று கேட்காமல் கேட்டிருக்கிறாய். சம்பளம் கொஞ்சம் கூட, வேறொன்றும் இல்லை. ஆனால் ஒன்று கேள்: உனக்குள் வந்த அதே புழுவைத்தான் இங்கே செம்முகக் குரங்குகளுக்கு ஏற்றியிருக்கிறார்கள். நத்தைக்குள் வளர்ந்து தண்ணீரில் இறங்கும் குஞ்சுப் புழு, நனைந்த தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். கடைசியில் குடலுக்கும் கல்லீரலுக்கும் நடுவே இருக்கும் ரத்தக் குழாய்களில் குடியேறும். அங்கே ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டே வாழ்நாள் முழுக்கக் கிடக்கும், முட்டை போட்டுக்கொண்டே இருக்கும். மனிதனுக்குள் வருஷக் கணக்கில் சுகமாக இருக்கிற இந்த ஜோடிகளுக்குச் செம்முகக் குரங்குக்குள் மட்டும் காலம் சரியில்லை. சில வாரங்கள் நன்றாக வளர்கின்றன. அப்புறம் மெலிந்து, சுருங்கி, செத்துப்போகின்றன. மருந்து ஒரு துளி கிடையாது. அதே குரங்குக்கு மறுபடி ஏற்றினால் ஒட்டுவதே அபூர்வம். ஒரு தடவை பட்டதை அதன் ரத்தம் மறப்பதில்லை. அது எப்படி என்று தெரிந்தால் மனிதனுக்குத் தடுப்பூசி செய்யலாம் என்பது பெரிய டாக்டரின் எண்ணம். அவர்தான் இந்த ஆராய்ச்சிக்குத் தலைவர். அதிகம் பேசமாட்டார், அதிகம் சாப்பிடவும் மாட்டார்.

குரங்குகளுக்கு இங்கே எண்தான். ஒருத்திக்கு மட்டும் நான் சீமாட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். திராட்சையைக்கூடத் தோல் உரித்துத்தான் தின்பாள். அடிபட்ட பழத்தைக் கொடுத்தால் வாங்கி, என் முகத்துக்கு எதிரே கீழே போடுவாள். ரத்தம் எடுக்கப் போனால் தானாகவே கம்பி வழியே கையை நீட்டுவாள். ஏதோ நமக்கு உபகாரம் செய்கிற மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

இடுப்புவரை வரும் ரப்பர் உடுப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொள். வயிற்றுக்கு ஸ்கேன் எடு. கல்லீரலைப் பார்க்கச் சொல்லிக் கேட்டு எடு. இது வேண்டுகோள் இல்லை. மேலதிகாரிக்கும் வாலுவுக்கும் என் அன்பு.

உன் அக்கா

—

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல். இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் உரக்கப் படித்தேன். மேலதிகாரி தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். எனக்கு ஒரே வருத்தம்: என் உடம்புக்குள்ளேயே இத்தனை கல்யாணம் நடந்திருக்கிறது, எனக்கு ஒரு அழைப்பிதழ்கூட வரவில்லை. வாலுவுக்கோ சீமாட்டிதான் பிடித்துக்கொண்டது. இப்போது அவளும் திராட்சையை உரித்துத்தான் தின்கிறாள். தோலைச் சுத்தம் செய்வது யார் என்று கேட்காதே.

எனக்கு ஒன்று புரியவில்லை அக்கா. நாமும் அந்த வம்சத்திலிருந்து வந்தவர்கள்தானே? வாலை விட்டுவிட்டு வந்தோம், சரி. மரம் ஏறுவதை விட்டுவிட்டு வந்தோம், அதுவும் சரி. இந்த வித்தையையுமா வழியில் தொலைக்க வேண்டும்? சீமாட்டி அதை எப்படிச் செய்கிறாள் என்று விவரமாக எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ரப்பர் உடுப்பு கொடுத்தார்கள். ஓட்டை. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல், நான் நடமாடும் தொட்டி மாதிரி கரையேறினேன். கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை.

உன் தம்பி

—

மார்ச் 22

அன்புள்ள தம்பி,

சுகம்தானே? நான் சுகம். பதில் எழுதத் தாமதம்; இங்கே வேலை நெருக்கடி.

சீமாட்டி எப்படிச் செய்கிறாள் என்று கேட்டாய். முழுக்கத் தெரிந்திருந்தால் எங்களுக்கு இங்கே வேலை இருக்காது. தெரிந்தவரை இதுதான்: புழு ரத்தம் குடிக்கிறது. குடித்ததைச் செரிக்க அதன் தொண்டையில் ஒரு நீர் சுரக்கிறது. சீமாட்டியின் ரத்தம் அந்த இடத்தைக் குறிவைத்துப் பிடித்துக்கொள்கிறது போலிருக்கிறது. அதன் பிறகு புழுவால் எதையும் விழுங்க முடிவதில்லை. நாலு பக்கமும் சாப்பாடு ஓடிக்கொண்டிருக்க, நடுவில் கிடந்து பட்டினியால் சாகிறது. அவள் காய்ச்சலில் படுக்கவில்லை, போர் நடக்கிற அடையாளமே கிடையாது. உட்கார்ந்து திராட்சை உரித்துக்கொண்டுதான் இருந்தாள். நுண்ணோக்கியில் வாரா வாரம் அவள் மலத்தைப் பார்க்கிறேன். முட்டைகள் ஏறி ஏறி வந்தன, அப்புறம் சரிந்தன, இப்போது தேடிப் பார்த்தாலும் இல்லை.

நேற்று மறுபடியும் புழு ஏற்றினோம். மயக்க ஊசி போட்டு, வயிற்றில் ரோமத்தை மழித்து, ஒரு வளையத்தை வைத்து அதற்குள் குஞ்சுப் புழுக்கள் நீந்தும் தண்ணீரை ஊற்றி, அவை உள்ளே போகும்வரை காத்திருக்க வேண்டும். வளையத்தை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மயக்கம் தெளிந்ததும் அவள் மழித்த வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடு.

ஸ்கேனில் "ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். டாக்டர்கள் ஒன்றும் இல்லை என்று எழுதமாட்டார்கள், ஏதாவது எழுதுவார்கள். அந்த அறிக்கையை அப்படியே எனக்கு அனுப்பு.

உன் அக்கா

—

ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

நீயும் சீமாட்டியும் நலமா?

நல்ல சேதி! மறுபடியும் டப்பா வாங்கிக்கொண்டு போனார்கள். என்னிடம் முட்டை இல்லை, ஒன்றுகூட இல்லை. சீமாட்டியும் நானும் இப்போது சரிசமம். "புதுப்பிக்கலையா?" என்று நர்ஸம்மாவே கேட்டுச் சிரித்தார். மேலதிகாரி அன்றைக்கு என்னோடு சண்டையே போடவில்லை.

இன்னொன்று. எனக்கு மேஜை வேலை கொடுத்துவிட்டார்கள். தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம். எந்த மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கேட்டுப் பலகையில் எழுதுவதுதான் வேலை. நாற்காலிக்குக் கை வைத்திருக்கிறது, அக்கா! இந்தச் சொகுசில் எனக்கு வயிறுகூடப் போட்டுவிட்டது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வாலு அதில் தாளம் போடுகிறாள். "அப்பா, உள்ளே தண்ணி சத்தம் கேக்குது" என்கிறாள். குடும்பத்தில் முதல் தொந்தி என்னுடையதுதான், கொஞ்சம் பெருமைப்படு.

ஆராய்ச்சி முடிந்ததும் சீமாட்டியை என்ன செய்வீர்கள்? பாடுபட்டு ஜெயித்தவளுக்கு ஏதாவது மரியாதை உண்டா?

உன் தம்பி

—

ஏப்ரல் 17

தம்பி,

கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். விளையாட்டை விட்டுவிட்டுப் பதில் சொல். அந்த வயிறு எப்போதிலிருந்து இருக்கிறது? கை கால் மெலிந்திருக்கிறதா? கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? மலம் கறுத்துப் போகிறதா? எப்போதாவது வாந்தியில் ரத்தம் வந்ததா?

முட்டை இல்லை என்பது நல்லதுதான். ஆனால் மாத்திரை புழுவைத்தான் கொல்லும். இத்தனை வருஷமாகக் கல்லீரலில் போய்ச் சிக்கிய முட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு தழும்பை விட்டிருக்கும். குடித்தனக்காரன் காலி செய்துவிட்டுப் போனாலும் சுவரில் அடித்த ஆணி அங்கேயேதான் இருக்கும். தழும்பு கூடக்கூடக் கல்லீரல் கெட்டியாகி, ரத்தம் போக வழியில்லாமல் பக்கத்துக் குழாய்கள் புடைத்துக்கொள்ளும். உன்னைப் பயமுறுத்தவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. மேலதிகாரியை உடன் அழைத்துக்கொண்டு போ. நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது.

அக்கா

—

ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்க இவ்வளவு நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்து நீ கண்ணாடியைத் துடைத்திருப்பாய். எனக்கு மணிக்கட்டு சுளுக்கு. நான் சொல்லச் சொல்ல மேலதிகாரி எழுதுகிறாள். கையெழுத்து அழகாக இருக்கும், ஆனால் நகைச்சுவையைப் பாதி தணிக்கை செய்துவிடுகிறாள்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில்: ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்துவிட்டேன். வயிறும் குறைந்திருக்கிறது. நீ கவலைப்பட ஒன்றும் இல்லை.

நான் கேட்டதற்குத்தான் நீ பதில் சொல்லவில்லை. சீமாட்டிக்கு இரண்டாம் தடவை ஏற்றியது என்ன ஆயிற்று? அவளை என்ன செய்யப் போகிறீர்கள்? வாலு தினமும் கேட்கிறாள்.

கடைசியில் ஒரு வரி அடித்திருக்கிறது, கண்டுகொள்ளாதே. எழுதுகிறவளுக்கும் பிழை வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உன் தம்பி

—

ஜூன் 15

அன்புள்ள தம்பி,

உன் மணிக்கட்டும் மற்றதும் தேறிவருகின்றனவா?

சீமாட்டி ஜெயித்துவிட்டாள். இரண்டாம் தடவை போன புழுக்களில் ஒன்றுகூட உருப்படியாகத் தங்கவில்லை. ஆராய்ச்சி முடிந்துவிட்டது. அவளை ஊருக்கு வெளியே, மதில் கட்டின ஒரு பெரிய தோப்புக்கு அனுப்பியிருக்கிறோம். உயரமான மரங்கள், அடர்ந்த நிழல். இலைகள் காற்றில் சலசலக்கின்றன. கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருக்கிறாள். நடுவே ஒரு குட்டை உண்டு, அதன் கரையில் உட்கார்ந்து தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். வாலுவிடம் சொல்.

அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவள் என்னைக் கூப்பிடும் "அண்ணி" என்ற சொல் மட்டும் தெரிந்தது. மற்றதை நான் கேட்கப் போவதில்லை. ஜூலை முதல் வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். ரயிலில் இரண்டு நாள்தானே. வந்து உன் தொந்தியை நானே பார்த்துக்கொள்கிறேன். அதுவரை மேலதிகாரி சொல்படி நட.

உன் அக்கா

—

ஜூலை 9

அண்ணி அவர்களுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. மன்னியுங்கள். தந்தி உங்களுக்கு எப்போது கிடைத்ததோ தெரியவில்லை. மழையில் ரயில் பாதை மூழ்கிவிட்டது என்று தபால்காரர் சொன்னார். உங்களுக்காகக் காத்திருக்க முடியவில்லை. மூன்றாம் தேதி மதியமே எல்லாவற்றையும் முடித்துவிட்டோம்.

இரண்டாம் தேதி காலையில் நன்றாகத்தான் எழுந்தார். வாலுவுக்குத் தலை பின்னிவிட்டார். கோணல் வகிடு எடுத்துவிட்டு, "இதுதான் இப்ப புது மோஸ்தர்" என்று அவளிடம் சொன்னார். அப்புறம் முகம் கழுவப் போனார். தொட்டியில் ரத்தத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன், அவரை அப்புறம்தான் பார்த்தேன். இப்போது களை வெட்டும் படகை ஓட்டும் அவர் கூட்டாளிதான் வண்டி பிடித்து வந்தார். போகிற வழியில் மறுபடியும் வந்தது. என் மடியில்தான் தலை இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது கை சில்லிட்டுவிட்டது.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இனி அந்தச் சத்தியம் யாருக்கு? ஸ்கேன் பிப்ரவரியிலேயே எடுத்தோம். கல்லீரல் கெட்டியாகிவிட்டது, குழாய்கள் புடைத்திருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் என்றார்கள். முதல் தடவை ரத்தம் கக்கியது மே மாதம். மேஜை வேலை யாரும் கொடுக்கவில்லை. நிற்க முடியாமல் அவராகக் கெஞ்சி வாங்கியது. மணிக்கட்டில் சுளுக்கும் இல்லை. பேனா பிடிக்கத் தெம்பில்லை. அந்த அடித்த வரி நான் எழுதியது: "அண்ணி, உடனே புறப்பட்டு வாருங்கள்." அவர் பார்த்துவிட்டு, "அடிச்சிடு. அக்கா அங்க நமக்காகத்தான் அந்த வேலைல சேர்ந்திருக்கா. பாதியில விட்டுட்டு வந்தா என்ன பிரயோசனம்?" என்றார்.

உங்கள் தோப்புக் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் சிரித்தார். "அக்கா மரத்தையெல்லாம் வர்ணிக்கிற ஆளு இல்லைடி. அவளுக்கு மரம்னா மரம், அவ்வளவுதான். பொய் சொல்றா" என்றார். "வாலுகிட்ட நிஜம்னே சொல்லிவை" என்றார். அப்புறம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

இதற்குமேல் எழுத முடியவில்லை.

இப்படிக்கு, உங்கள் தம்பி மனைவி

—

ஜூலை 22

மேலதிகாரிக்கு,

வேறு எப்படி உன்னை அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் உன்னை அப்படித்தான் எனக்கு அறிமுகம் செய்தான். வாலு சாப்பிடுகிறாளா? நீ சாப்பிடுகிறாயா?

தந்தி வந்ததும் ரயில் நிலையத்துக்குப் போனேன். பயணச்சீட்டு கொடுக்கும் ஜன்னலை மூடிவிட்டார்கள். பையை வைத்துக்கொண்டு நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். பெருக்க வந்தவர், "எந்திரிங்கம்மா, இன்னிக்கு ஒண்ணும் வராது" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

நான் ஏன் குரங்கு வேலைக்கு வந்தேன் என்று அவனிடம் சொன்னதே இல்லை. ஆனால் உன்னிடம் சொல்லியிருக்கிறான். அவனுக்கு இரண்டாம் தடவை புழு வந்த வருஷம்தான் இங்கே விண்ணப்பம் போட்டேன். சம்பளம் குறைச்சல்தான்.

சீமாட்டியைப் பற்றியும் உனக்குத் தெரிய வேண்டும். நான் தோப்பு என்று எழுதியபோது அவள் உயிரோடு இல்லை. இந்த ஆராய்ச்சி முடிகிற விதம் அதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குத் தெரியும். ஊசிக்கு அவள் வழக்கம்போலத் தானாகவே கையை நீட்டினாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு கல்லீரல் வழியாக உப்புநீரைச் செலுத்தி, வடிந்து வருவதை வலைத்துணியில் பிடித்தோம். வெளுத்துப்போன நூல் துணுக்குகள் மாதிரி ஒன்றிரண்டு புழுக்கள். குடலில் ஒன்றும் இல்லாத பட்டினிப் புழுக்கள். பெரிய டாக்டர் என்னைப் பாராட்டினார், வேலை சுத்தமாக இருக்கிறது என்று. அதன் பிறகு கல்லீரலைக் கையில் வாங்கினேன். கருஞ்சிவப்பாக, வழவழவென்று, ஓரமெல்லாம் கூர்மையாக இருந்தது. கடுகளவில் அங்கங்கே ஒரு வெள்ளைப் புள்ளி, அதுவும் ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை ஏற்றியும் அவ்வளவுதான். உன் கையெழுத்தில் வந்த கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை. அந்தக் குரங்கின் மேல் ஆத்திரம் வந்தது. தூக்கி எறிந்துவிடுவேனோ என்று பயந்து மெதுவாகத் தட்டில் வைத்தேன்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அவனிடம்தான் சொல்லியிருப்பேன்.

அண்ணி

—

ஆகஸ்ட் 10

அண்ணிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள்.

ரயில் பாதை சரியாகி நாளாயிற்று. வண்டி வந்து நிற்கும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். வாலு ஒவ்வொரு தடவையும் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். நான் போவதில்லை. நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு என் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. எனக்கும் கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு பொய் எழுதினீர்கள். நடுவில் உட்கார்ந்து இரண்டையும் படித்தவள் நான்.

இப்போது எழுதக் காரணம் வேறு. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்தார்கள். வாலுவுக்கு முட்டை இருக்கிறதாம். வயிறு அடிக்கடி வலிக்கிறது என்று இப்போதுதான் சொல்கிறாள். அப்பா இருக்கும்போது சொன்னால் அவர் வருத்தப்படுவார் என்று சொல்லவில்லையாம். இந்தக் குடும்பத்துப் புத்தி அவளுக்கும் வந்திருக்கிறது பாருங்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நான் இன்னும் அவளுக்குக் கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் மாதிரி ஆகுமா, ஆகாதா? எனக்குத் தைரியம் சொல்லி எழுதாதீர்கள். தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

வாலுவின் அம்மா

—

ஆகஸ்ட் 14

வாலுவின் அம்மாவுக்கு,

நீ எழுதிய எதுவும் தப்பில்லை. ரயில் ஓட ஆரம்பித்த பிறகும் நான் வரவில்லை. காரணம் நீ எழுதியதுதான்.

மாத்திரையை இன்றைக்கே கொடு. வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டுக் கொடு. கசக்கும், துப்புவாள், துப்பினால் திட்டாதே, மறுபடி வாங்கிக் கொடு. அன்றைக்கு முழுக்கத் தலை சுற்றும், வயிறு வலிக்கும். அது புழு சாகிற வலி, பயப்படாதே.

அவனைப் போல ஆகாது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ஆக வேண்டியதில்லை, இவ்வளவுதான் தெரியும். அவளுடையது இளம் கல்லீரல். இந்த வயதில் புழுவைக் கொன்றால் தழும்பு பெரும்பாலும் ஆறிவிடுகிறது. தண்ணீரில் இறங்கினால் மறுபடியும் வரும். வந்தால் மறுபடியும் மாத்திரை. மனித உடம்பும் குரங்கின் உடம்பைப் போலக் கற்றுக்கொள்கிறது, ஆனால் மந்தம். பல வருஷம் எடுக்கிறது, அப்போதும் அரைகுறையாகத்தான் கற்கிறது. மாத்திரையில் புழு சாகும் ஒவ்வொரு தடவையும் ரத்தம் அதிலிருந்து ஒரு பாடம் படிக்கிறது என்று நினைக்கிறோம். நிச்சயமாகத் தெரியாது. தடுப்பூசி எப்போது வரும் என்றும் தெரியாது. சீமாட்டியிடமிருந்து எடுத்தது இங்கே குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. அதிலிருந்து ஏதாவது வருமா என்று பெரிய டாக்டருக்கே தெரியாது.

அவன் பிப்ரவரியில் "ஒன்றும் இல்லை" என்று எழுதியபோதே நான் புறப்பட்டு வந்திருந்தால், புடைத்த ரத்தக் குழாய்களை வெடிக்கும் முன்பே இறுக்கும் ரப்பர் வளையம் போடச் சொல்லியிருப்பேன். போட்டிருந்தால் பிழைத்திருப்பானா? அதுவும் தெரியாது.

புதன்கிழமை வண்டியில் வருகிறேன். நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். என்னைத் திட்ட வேண்டியதை நேரில் திட்டு, நான் எதிர்த்துப் பேசமாட்டேன். மறுநாள் வாலுவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவோம். ஸ்கேன் அறைக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் போகிறேன், நீ எனக்கு எதிரே நில். திரையில் என்ன தெரிகிறதோ அதை, அது தெரிகிற நிமிஷமே, உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

அண்ணி